இடது ஓரத்தில் வசந்தன்

ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறேன். பல் துலக்குகிறேன். தண்ணீர் கொதிக்க வைத்து, பால் சேர்க்காத கோப்பி கலக்கி, நின்றபடியே குடிக்கிறேன். முன்னறையில் இருக்கும் இருபத்திரண்டு ஜோடி பூட்ஸை எடுத்து வெளியே மதில் மேல் வரிசையாக அடுக்குகிறேன். உள்ளே காற்றுப் போக ஒவ்வொன்றின் நாக்கையும் தூக்கி விடுகிறேன். நாக்கின் அடியில் மார்க்கர் பேனாவால் எண் எழுதியிருக்கிறது. ஏழரைக்கு மோட்டார் சைக்கிளில் எண்ணெய்ப்பனைத் தோட்ட அலுவலகத்துக்கு வேலைக்குக் கிளம்புகிறேன். வானம் இருட்டாக இருந்தால் பூட்ஸை வெளியே வைப்பதில்லை. நான்கு மாதத்துக்கு முன் ஒரு நாள் அவை முழுக்க நனைந்து, எட்டு ஜோடி அடிப்பாகம் பிளந்துகொண்டன.

பூட்ஸ் எல்லாம் எங்கள் காற்பந்துக் கழகத்தின் அகாடமிப் பையன்களுடையவை; பயிற்சி முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். எண்களை எழுதியவள் என் மனைவி யோகேஸ்வரி. லாபுவுக்கு அருகே ஒரு தமிழ்ப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன் அகாடமியைத் தொடங்கியவளும் அவள்தான். நான் பெரியவர்கள் ஆடும் முதல் அணிக்குத் துணைப் பயிற்றுநர். நான்கு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்குப் போகிற வழியில், வளைவில் ஒரு லோரி. அவ்வளவுதான்.

வீட்டில் உட்கார முடிவதில்லை. சாயங்காலம் மோட்டாரை எடுத்துக்கொண்டு ரஹாங் வரை போகிறேன். எங்கும் இறங்காமல் திரும்புகிறேன். சில நாள் மறுபடியும் போகிறேன்.

மூன்று வருடத்தில் அகாடமிப் பையன் ஒருவன்கூட முதல் அணியில் ஒரு நிமிடம் ஆடியதில்லை. பந்து பொறுக்குவார்கள். ஐஸ் பெட்டி தூக்குவார்கள். "அகாடமின்னு போர்டு மாட்டிட்டு ஐஸ் பெட்டி தூக்க ஆள் வளக்குறீங்களா?" என்று யோகேஸ்வரி பயிற்றுநர் அர்ச்சுனனிடம் நேராகவே கேட்டிருக்கிறாள். முதல் ஆண்டு சேர்ந்த ஐவரில் நால்வர் போய்விட்டார்கள். இரண்டு பேர் நீலாயில் தொழிற்சாலை, இரண்டு பேர் சிங்கப்பூர். மிஞ்சியவன் வசந்தன். பதினேழு வயது. இடது காலன்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் அவன் என்னிடம் வந்தான்.

"சார், ஞாயித்துக்கெழம கடைசி மேட்ச். அன்னிக்கும் பெஞ்சுதான்னா, என் பூட்ஸ வேற யாருக்காவது குடுத்துடுங்க. மாமா வேல பாத்து வச்சிருக்காரு. ஞாயித்துக்கெழமயும் ஷிப்டு."

"கோச்சுகிட்ட பேசுறேன்."

"டீச்சரும் அப்படித்தான் சொல்லுவாங்க." உடனே தலையைக் குனிந்தான். "சாரி சார்."

ஆட்டப் பட்டியலை அர்ச்சுனன் சனிக்கிழமை சாயங்காலம் லோபாக்கில் நாகூர் கனி பாயின் உணவுக்கடையில் உட்கார்ந்துதான் எழுதுவார். கனி பாய் கழகத் தலைவர். நானும் போனேன்.

"இடது ஓரம், மகேந்திரன்" என்று எழுதினார் அர்ச்சுனன். மகேந்திரன் அவர் மனைவியின் தம்பி. வயது முப்பத்தாறு.

"அண்ணே, வசந்தனப் போடலாமே."

"யாரு, அந்த ஊதுனா பறக்குற பையனா?"

"மகேந்திரண்ணன் திரும்புறதுக்குள்ள பந்து சிரம்பான் போயிட்டு வந்துடுதுண்ணே."

கனி பாய் மேசையைத் தட்டிச் சிரித்தார். "உண்மதான்லா அர்ச்சுனா. ஒன் மச்சான் லோரி ரிவர்ஸ் எடுக்குற மாதிரில்ல திரும்புறான். பீப் பீப்புன்னு சத்தம்தான் கொறச்சல்."

"சிரிங்க பாய், நல்லா சிரிங்க. நாளைக்குத் தோத்தா மொதல்ல கத்துறது நீங்கதான்." என்னிடம் திரும்பினார். "சீசன் முடியட்டும் தம்பி. அடுத்த வருஷம் பாப்போம்."

இதை மூன்று வருடமாகச் சொல்கிறார்.

"யோகா கடைசியா சொன்னது அதாண்ணே" என்றேன். "ஆஸ்பத்திரியில. வசந்தன ஆட விடுங்கன்னு."

எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது. மருத்துவமனையில் அவள் இரண்டு மணி நேரம் இருந்தாள். உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

கனி பாய் கண்ணாடியைக் கழற்றினார். "நாலு மாசமா இத நெஞ்சுல வச்சுக்கிட்டா சுத்துற? சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" பிறகு, "மவுத்தானவங்க வார்த்த, அர்ச்சுனா. தட்டாத."

அர்ச்சுனன் மச்சான் பெயரை அடித்தார். அழுத்தி அடித்ததில் தாள் கிழிந்தது. என் முன்னால் இருந்த தே தாரிக் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. முழுவதும் குடித்தேன்.

ஞாயிறு நாலரைக்கு ஆட்டம். எங்கள் தோட்டத் திடலில், ரஹாங் அணியோடு. நான் இரண்டு மணிக்கே போய்க் கோடு போட்டேன். போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு முறை போட்டேன்.

உடை மாற்றும் கொட்டகையில் அர்ச்சுனன் எல்லாரையும் நிற்க வைத்தார். அவர் இதைச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை.

"இன்னிக்கு வசந்தன் எறங்குறான். இது டீச்சரோட கடைசி ஆச. கண்ண மூடும்போது சொன்னது. எல்லாரும் மனசுல வச்சுக்குங்க."

எல்லாரும் தலை குனிந்தார்கள். மகேந்திரன் தன் பதினொன்றாம் எண் சட்டையை அவனிடம் கொடுத்து, தலையில் கை வைத்தார். வசந்தன் என்னைப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. காலில் பதினாறாம் எண் ஜோடி. பிளந்த எட்டில் ஒன்று. இடது பூட்ஸைச் சுற்றிச் சாம்பல் நிற டேப் ஒட்டியிருந்தான்.

முதல் பாதியில் பந்து வந்த ஒவ்வொரு முறையும் அதைப் பின்னாலேயே கொடுத்தான். முன்னால் இடம் காலியாக இருந்தது. பார்க்கவேயில்லை. ரஹாங் தற்காப்பு ஆட்டக்காரன் ஒருவன், தாடி வைத்தவன், அவன் பக்கத்திலேயே நின்று கேலி செய்துகொண்டிருந்தான்.

"என்ன தம்பி, வீட்டுப்பாடம் முடிச்சிட்டியா? ஒன் பூட்ஸ் வாயத் தொறந்து கொட்டாவி விடுது பாரு."

நான் கோட்டோரம் போவதும் வருவதுமாக இருந்தேன். நடுவர் இரண்டு முறை பின்னால் போகச் சொன்னார். முப்பத்தெட்டாவது நிமிடம் ரஹாங் ஒரு கோல் போட்டது.

இடைவேளையில் அர்ச்சுனன் என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஆசைய நெறவேத்தியாச்சு தம்பி. போதும். மகேந்திரா, ஓடி ஒடம்பச் சூடாக்கு."

"பத்து நிமிஷம் குடுங்கண்ணே."

"அஞ்சு."

வசந்தன் கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்திருந்தான்.

"என்னால முடியல சார். பந்து வந்தாலே டீச்சர் மொகந்தான் வருது. தப்பா ஆடிட்டா அவங்க கடைசி வார்த்தய நாந்தான் கெடுத்த மாதிரி ஆயிடும்."

"அவ அப்படிச் சொல்லல."

அவன் நிமிர்ந்தான்.

"நான் சொன்னது பொய். ஆஸ்பத்திரியில அவ பேசவே இல்ல."

"பொய்யா?"

"பொய்."

"அப்ப இவங்கள்லாம் செத்தவங்களுக்காகப் பாவம் பாத்துத்தான் என்ன எறக்கியிருக்காங்க."

"ஆமா."

"நீங்க?"

"நான் ஒன் எடது காலப் பாத்து."

அவன் எழுந்து நின்றான். ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். என்னைத்தான். கடைசியில் சார் சேர்க்கவில்லை. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு திடலுக்கு ஓடினான்.

இரண்டாம் பாதியில் வந்த முதல் பந்தைத் தாடிக்காரனின் கால்களுக்கு இடையே தட்டி, பின்னாலேயே ஓடி, கோட்டுக்கு வெளியே விட்டான். இரண்டாவதை இழந்தான். மூன்றாவதில் தாடிக்காரனைத் தாண்டி உள்ளே தூக்கிப் போட்டான். அங்கே எங்கள் ஆள் ஒருவரும் இல்லை.

"எங்க போனீங்க எல்லாரும்? தூங்குறீங்களா?" என்று தன்னைவிடப் பத்து வயது பெரியவர்களைப் பார்த்துக் கத்தினான்.

ஐந்து நிமிடம் கடந்தது. மகேந்திரன் கோட்டருகே நின்று குதித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், எறங்கட்டுமா?"

அர்ச்சுனன் அவரைப் பார்க்கவில்லை. "உக்காரு."

எழுபதாவது நிமிடம் தாடிக்காரன் வேறு வழியில்லாமல் வசந்தனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். பெனால்டி பெட்டிக்குச் சற்று வெளியே ஃப்ரீ கிக். அதை வேறொருவர் அடித்துக் கோலாக்கினார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றில் முடிந்தது. வசந்தன் கோல் எதுவும் போடவில்லை. தொண்ணூறு நிமிடமும் ஆடினான்.

அர்ச்சுனன் அவன் பின்கழுத்தைப் பிடித்து உலுக்கினார். "பெரியவங்களப் பாத்துக் கத்துறியா நீ? சீசன் முடிஞ்சுதுன்னு வீட்ல இருந்துடாத. செவ்வாக்கெழம முதல் அணி ப்ராக்டிஸுக்கு வந்துடு. பாய், இவனுக்குத் தெனம் ரெண்டு ரொட்டி சானாய் போடுங்க. எலும்புதான் ஓடுது."

"கடைக்கு வரச் சொல்லுலா" என்றார் கனி பாய். அவர் கண் கலங்கியிருந்தது. என் தோளைத் தட்டினார். "டீச்சர் வார்த்த வீண் போகல பாத்தியா தம்பி?"

நான் பந்தை எடுத்துப் பையில் போட்டேன். வசந்தன் குனிந்து காலுறையை இழுத்து விட்டுக்கொண்டான். ஐஸ் பெட்டியை மகேந்திரன் தூக்கிக்கொண்டு போனார்.

எல்லாரும் போன பிறகு வசந்தன் சிமெண்டு படியில் உட்கார்ந்து பூட்ஸின் டேப்பை உரித்தான். நான் கொடிக் கம்புகளைப் பிடுங்கி அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினேன். எண்ணெய்ப்பனைக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"சார்."

"ம்."

"அப்ப டீச்சர் கடைசியா என்னதான் சொன்னாங்க?"

நான்கு மாதத்தில் இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கம்புகளைக் கீழே வைத்தேன்.

அன்று காலை ஏழு மணி. காரை வெளியே எடுத்தவள் கண்ணாடியை இறக்கி வானத்தைப் பார்த்தாள். நான் கைப்பேசியில் இருந்தேன். சரி என்று தலையாட்டினேன். பிறகு மோட்டாரை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விட்டேன். இவ்வளவையும் அவனிடம் சொன்னேன். அவள் சொன்னதையும் சொன்னேன்.

"மழ வர்ற மாதிரி இருக்கு செல்வா, பசங்க பூட்ஸ உள்ள எடுத்து வச்சிட்டுப் போ."