விரிப்பின் மறுமுனை

மருத்துவமனைகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக் கூடத்தில், கட்டில் விரிப்புகளை மடிக்க ஒரு முறை உண்டு. இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து, முனைகளைச் சேர்க்க வேண்டும். பேச்சும் அப்படித்தான். இயந்திர இரைச்சலில், அருகே வரும்போது ஒரு வார்த்தை, விலகினால் மௌனம்.

அங்கே முறைப்பக்கா என்று ஒருவர். அவர் முறைத்தால் துணியின் சுருக்கம் தானாக நேராகிவிடும் என்று தோழிகள் வைத்த பெயர். துணி தேய்க்கும் சூடான உருளைக்குள் விரிப்பைக் கோணாமல் செலுத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர்தான் வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை முதல் வேறொரு கூடத்தில் சேர்வதாகப் பேச்சு.

மேலாளருக்குச் சோறு இறங்கவில்லை. சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். "சம்பளத்துக்கு என்ன சார் குறைச்சல்?" என்று கேட்டுவிட்டு அக்கா துண்டு எண்ணும் அறைக்குப் போய்விட்டார்.

முன்பு அக்காவோடு ஜோடி சேர்ந்து மடித்து வந்த, வாயாடி என்று பெயரெடுத்தவளைப் பிடித்தார் மேலாளர்.

"அக்கா ஏம்மா போறாங்க?"

"அவங்க என்ன கடல் தாண்டியா இருக்காங்க? இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே. என்னை எதுக்கு சார் தபால்காரி ஆக்குறீங்க?"

உணவு இடைவேளையில் இயந்திரங்கள் ஓய்ந்தன. வாயாடி சாப்பிடப் போயிருந்தாள். அக்கா மட்டும் உருளைப் பக்கம் வந்து, மிச்சமிருந்த விரிப்புகளை மேசைமேல் போட்டுத் தனியாக மடித்துக்கொண்டிருந்தார். மேலாளர் போய் மறுமுனையைப் பிடித்தார்.

"உங்களுக்கு வராது சார், விடுங்க."

"பழகிக்கிறேன்."

உதறியதும் அவர் பக்கத்து மூலை நழுவி விழுந்தது. அக்கா முறைத்தார். மறுபடி பிடித்து, நடந்து அருகே வந்தபோது மேலாளர் கேட்டார்: "எதுக்குக்கா போறீங்க?"

அடுத்த விரிப்பில் முனைகள் சேர்ந்தபோதுதான் பதில் வந்தது.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"தப்பா?"

"போன மாசம் உருளையிலேர்ந்து எடுத்து, துண்டு எண்ண உக்கார வெச்சீங்க. ஒரு வார்த்தை சொல்லலை. எந்தத் துணியக் கருக்கினேன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போச்சு."

மேலாளர் துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ அக்கா! படியில முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. உக்காந்து வேலை செய்யட்டுமேன்னுதான். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லலை."

அக்கா சிரித்தே விட்டார். "படி ஏறினா வலிக்கும். நின்னா ஒண்ணும் இல்லை. உக்காந்து எழுந்தாதான் சார் உயிர் போகுது!"

"அப்போ இத்தனை நாளா நான்..."

"நல்ல மனசோட வதைச்சிருக்கீங்க."

சிரிப்பின் முடிவில் அவர் குரல் உடைந்தது. இருவருக்கும் நடுவே விரிப்பு இருந்தது நல்லதாகப் போயிற்று. சற்றுநேரம் இருவரும் அதன் ஓரத்தையே நேராக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப கேக்குறேன்கா. நீங்க எங்க நிக்கணும்?"

"உருளைகிட்ட. துணி மூட்டையை மாடிக்குத் தூக்கறதை மட்டும் வேற யாராவது பாத்துக்கிட்டா போதும்."

"சரி. அந்தக் கூடத்துக்காரங்ககிட்ட நான் பேசிடறேன்."

"பாத்தீங்களா, மறுபடியும்!"

மேலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பேசட்டுமா?"

"வேணாம். வரேன்னு சொன்னது நான். வரலைன்னும் நானே சொல்லிக்கிறேன்."

கை துடைத்தபடி வந்த வாயாடி, மேசைமேல் இருந்த அடுக்கைப் பார்த்து நின்றாள். "இதை யாரு மடிச்சது, பூனையா?"

"கத்துக்கிட்டு இருக்காரு, சும்மா இரு" என்றார் அக்கா. மேலே இருந்ததை எடுத்துப் பிரித்து, ஒரு முனையை மேலாளரிடம் நீட்டினார்.