வெள்ளிக்கிழமைக் குளம்படிகள்

பர்மாவில், இன்சீன் ஊரைத் தாண்டி வடக்கே போனால், செங்கல் சூளைகளுக்குப் பின்னால், கம்பிவேலி போட்ட ஒரு காடு இருக்கிறது. ஊ சோ தெய்ன் என்ற பர்மாக்காரருக்குச் சொந்தமானது. அங்கே பெரியவருக்கு ‘ஊ’, மற்ற ஆண்களுக்குக் ‘கோ’, பெண்களுக்கு ‘மா’ என்று மரியாதைக்குச் சேர்ப்பார்கள். அவர் கடமான்களை வாங்கி உள்ளே விட்டிருக்கிறார். விடுமுறை நாட்களில் அவருடைய விருந்தாளிகள் நீளமான பைகளில் வில்லைக் கொண்டுவந்து, மரக்கோபுரத்தில் ஏறி உட்கார்ந்து மானை அடிப்பார்கள். அந்தக் காட்டுக்கு வாப்பா காவல். வேலிக்குள்ளேயே எங்கள் வீடு. வாப்பா, உம்மா, நான், மூன்றே பேர். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்கு வேறு ஊர் என்று எதுவும் இல்லை.

கோபுரத்தடியில் வாப்பா ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார். இன்சீன் சந்தையில், பழைய இரும்புக் கடையில் வாங்கியது. மாலையில் தொட்டியில் தவிட்டைக் கொட்டிவிட்டு அதைச் சுத்தியலால் தட்டுவார். கோடை முழுவதும் மான்கள் அந்தச் சத்தத்துக்கு வந்தன. மழை தொடங்கியதும் வருவதை நிறுத்திவிட்டன. வாப்பா தட்டினார், தட்டினார். தவிடு ஊறிப் புளித்ததுதான் மிச்சம்.

ஊ சோ தெய்ன் விருந்தாளிகளோடு இரண்டு முறை வந்து வெறுங்கையோடு திரும்பினார். இரண்டாவது முறை எங்கள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே பர்மிய மொழியில் கேட்டார்.

“கோ ஷாநவாஸ், என் மானெல்லாம் எந்தச் சந்தைக்குப் போச்சு? கறி நல்ல விலையா?”

வாப்பா சிரிக்கவில்லை. “உள்ளதான் இருக்கு, ஊ. மழைக்குப் புதருக்குள்ள ஒதுங்கியிருக்கு.”

“இருந்தா சரி. சனிக்கிழமை வர்றேன், கண்ணுல காட்டுங்க. இல்லன்னா நான் வேற ஆளைத்தான் வைக்கணும்.”

அன்று வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

“திருடன்னு சொல்லிட்டுப் போறாரு, சைதா.”

“மானைக் காட்டுங்க, வாயை மூடிக்குவாரு.”

“நான் என்ன சட்டைப்பையிலயா வச்சிருக்கேன்?”

எனக்கு ஒன்று தெரியும், சொல்லத்தான் கூச்சம். கொல்லையில் பாத்திரம் கழுவப் போகும்போது ஈரமண்ணில் பிளந்த குளம்படிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றின்மேல் ஒன்றாக, பேருந்துக்குக் காத்து நின்ற கூட்டம் மிதித்ததுபோல் இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் மட்டும்தான். மற்ற நாட்களில் வெறும் கோழித்தடம். மானுக்கு எப்படிக் கிழமை தெரியும்?

வியாழன் மாலையில் எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்காகப் பாத்திஹா ஓதுவது வழக்கம். தட்டில் வாழைப்பழம் வைப்போம். தோலை நான்தான் கொல்லையில் எறிவேன். அதற்குத்தான் வருகின்றன என்று முதலில் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை இருந்த பழங்களையெல்லாம் தின்றுவிட்டு, தோல்களை அதே இடத்தில் போட்டேன். காலையில் தோல் கறுத்துப்போய் அங்கேயே கிடந்தது. தடம் இல்லை. வயிறு வலித்ததுதான் பலன்.

வியாழன் வந்தது. உம்மா சாம்பிராணிச் சட்டியை எடுத்து அறை அறையாகப் புகை காட்டினாள். கடைசியில், எப்போதும்போல, அணையட்டும் என்று கொல்லை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் அடுப்படிச் சன்னலில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. புகை தாழ்ந்து, கொல்லை முழுவதும் படர்ந்தது.

முதலில் ஒரு பெட்டை வந்தது. பிறகு குட்டிகள். பிறகு பெரிய கொம்பன். எதுவும் தரையை முகரவில்லை, எதையும் மெல்லவில்லை. புகைக்குள் வந்து தலையைத் தொங்கப்போட்டு நின்றன. ஏன் நிற்கின்றன? கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது காதுகள் தெரிந்தன. புகைக்கு வெளியே நின்ற மானின் காது ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்ததும் அந்தக் காது அப்படியே அடங்கிவிட்டது.

ஈ! மழைக்காலத்துக் கடி ஈ. எங்கள் தோலையே உரிக்கும், மானை விடுமா? காடெல்லாம் புல் முளைத்திருக்கும்போது தவிடு அவற்றுக்கு எதற்கு?

உம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“உங்க வாப்பா அங்க இரும்பை அடிச்சுக் கையைப் புண்ணாக்கிக்கிறாரு. இதுங்க இங்க பாத்திஹாவுக்கு வந்து நிக்குதுங்க.”

சனிக்கிழமை ஊ சோ தெய்ன் ஒரு விருந்தாளியோடு வந்து கோபுரத்தில் ஏறினார். உம்மா சட்டியில் கரியோடு ஈரத் தேங்காய்நாரையும் போட்டு, சாம்பிராணியை அள்ளித் தூவினாள். நான் சன்னலுக்கு ஓடினேன். இன்று வராமல் போனால்? கிழமை மாறியது அவற்றுக்குப் பிடிக்காமல் போனால்?

வந்தன. ஒவ்வொன்றாக வந்து கொல்லையை நிறைத்தன. வாப்பா ஓடிப்போய் இருவரையும் அழைத்து வந்தார். விருந்தாளி வில்லை உயர்த்தினார். ஊ சோ தெய்ன் அவர் கையை அழுத்திக் கீழே இறக்கினார். மான்களுக்குப் பின்னால் எங்கள் அடுப்படிச் சன்னல். சன்னலில் நான்.

அவர் விரலை மடக்கி மடக்கி மான்களை எண்ணினார். முடித்ததும் வாப்பாவின் தோளைத் தொட்டார்.

“குட்டி வேற போட்டிருக்கு. தப்பாப் பேசிட்டேன், கோ ஷாநவாஸ்.”

வாப்பா தலையை மட்டும் அசைத்தார். கண் கலங்கியதைப் புகையின் மேல் பழிபோட்டுத் துடைத்துக்கொண்டார்.

ஊ சோ தெய்ன் சட்டியைக் குனிந்து பார்த்தார். “ஓ, இதுதானா? மா சைதா, அடுத்த தடவை இதைக் கோபுரத்தடியில வச்சிடுங்க.”

வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அது ஆகாது, ஊ. ஓதி ஏத்துற புகை. எங்க வாசப்படியைத் தாண்டக் கூடாது.”

அவர் சட்டென்று ஓரடி பின்னால் நகர்ந்தார். வணக்கத்துக்குரியதைக் காலால் தொட்டுவிட்டவர்போல் கையைக் கூப்பினார். “அப்படின்னா வேண்டாம், வேண்டாம்.”

வண்டி போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

“உம்மா, பசுந்தாங்கில இருக்கிற மாமி அந்தச் சட்டியைக் கடை வரைக்கும் தூக்கிட்டுப் போறாங்களே. வாசப்படியைத் தாண்டக் கூடாதுன்னு எங்க இருக்கு?”

உம்மா கரியைக் கிளறிவிட்டாள்.

“இன்னையிலேருந்து இருக்கு. போய் இன்னும் கொஞ்சம் நார் எடுத்துட்டு வா.”