நல்ல கால்

கல்லூரி வாலிபால் அணியில் அவளை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். உயரம் அப்படி. நெட்டுக்கு மேலே அவள் கை எழும்பினால் எதிரணியில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த ஏணிக்குத்தான் போட்டிக் காலத்தின் நடுவில் இடது முழங்கால் பிசகியது. பந்தை அடித்துவிட்டு இறங்கும்போது கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போயிற்று. ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், ஆனால் பயிற்சி செய்துதான் காலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார் டாக்டர்.

பயிற்சி என்றால் ஏதோ வீரதீரம் என்று நினைத்துப் போனாள். கல்லூரி பிசியோ ஒரு துண்டை உருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, "இதை அழுத்து, விடு, மறுபடி அழுத்து" என்றாள். அதைவிட அலுப்பான வேலையை உலகத்தில் யாரும் கண்டுபிடித்ததில்லை. வலி இருக்கும்வரை ஏணி ஒழுங்காக அழுத்தினாள். வலி போனதும் டிமிக்கி கொடுக்க ஆரம்பித்தாள். வலி போய்விட்டால் காயமும் போய்விட்டது என்று நினைப்பது விளையாட்டுக்காரர்களின் பரம்பரை வியாதி. அதற்கு எந்த மருத்துவமனையிலும் தனிப் பிரிவு கிடையாது.

இதற்கிடையில் அணி இறுதிப் போட்டிக்கு வந்து சேர்ந்தது. போன வருடங்களில் எல்லாம் பாதி வழியிலேயே மூட்டை கட்டிய அணி அது. ஏணிக்கு இதுதான் கடைசி வருடம். விளையாடினால் இந்தப் போட்டி, இல்லாவிட்டால் எதுவுமில்லை.

"பிசியோ சரின்னு சொன்னா நீ உள்ள. இல்லன்னா என்கிட்ட வந்து கண்ணக் கசக்காத" என்று கோச் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பிசியோ வைக்கும் பரீட்சை எளிமையானது. ஒற்றைக் காலில் நின்று, தாவி, அதே காலில் இறங்கி, ஆடாமல் நிற்க வேண்டும். முதலில் நல்ல கால், பிறகு அடிபட்ட கால். நல்ல கால் தாவிய தூரத்தை அடிபட்ட கால் ஏறக்குறைய எட்டிவிட்டால் விளையாடலாம். ஏணி விடுதி வராந்தாவில் தாவிப் பார்த்தாள். நல்ல கால் போன இடத்துக்கும் இடது கால் போன இடத்துக்கும் நடுவில் ஒரு நாற்காலி போடலாம் போலிருந்தது.

அக்காவுக்குப் போன் செய்தாள். அக்காவும் இதே கல்லூரியில் ஆடியவள், இதே போல முழங்காலில் அடிபட்டவள், இருந்தும் கோப்பையைத் தூக்கியவள். இப்போது மருந்துக்கடையில் வேலை.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்ட?" என்றாள் அக்கா. "கெட்ட கால நல்ல காலோட ஒப்பிட்டுத்தானடி பாக்குறாங்க? கெட்ட கால் எட்டலன்னா நல்ல காலக் கொஞ்சம் குறைச்சுத் தாவு. கணக்கு சரியா வந்துடும். நான் அப்படித்தான் பாஸ் பண்ணேன்."

ஏணிக்கு உயிர் வந்தது. அக்காவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. வீட்டில் அது பழகிப்போன விஷயம். அக்கா மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாகத்தான் இறங்குவாள். அப்பா 'நண்டு வருது, வழி விடுங்க' என்பார். அக்காவும் சிரிப்பாள். கோப்பை கூடத்தில் இருந்தது, நண்டு நடை மாடிப்படியில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை.

குறைத்துத் தாவுவது அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. வருடக்கணக்காக முழுசாகத் தாவியே பழகிய கால், கொஞ்சமாகத் தாவு என்றால் கேட்குமா? அறைத்தோழி தரையில் சோப்பால் கோடு போட்டுக் கொடுத்தாள். ஏணி காலையிலும் மாலையிலும் வராந்தாவில் மெனக்கெட்டாள். முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து, முழுமூச்சாகத் தாவுவது போலக் காட்டிக்கொண்டு கோட்டிலேயே போய் விழப் பழகினாள். துண்டு கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது.

பிசியோ அறை மைதானத்தின் காலரிப் படிகளுக்குக் கீழே இருந்தது. சாய்வான கூரை, தைல வாடை, சுவரோரமாக நீல மெத்தைகள். பிசியோவுக்கு ஏணியைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். குதிகால் விழுந்த இடத்தில் எல்லாம் வெள்ளை டேப்பை ஒட்டினாள். வலது கால், சொல்லி வைத்தாற்போல அளவாக விழுந்தது. இடது காலுக்கு ஏணி உயிரைக் கொடுத்தாள். முழங்கால் உள்பக்கமாக ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

பிசியோ அளந்தாள். "இடது கால் பாஸ்."

ஏணிக்கு நிலைகொள்ளவில்லை. ஷூவை எடுக்கக் குனிந்தாள்.

"வலது கால் ஃபெயில்" என்றாள் பிசியோ.

"வலது காலா? அதுல அடியே படலயே மேடம்."

"நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். ஆனா ஸ்மாஷ் அடிக்கிற பொண்ணு இவ்வளவு தூரம்தான் தாவுதுன்னா உள்ள ஏதோ கோளாறு. ஆபீஸ் கிளார்க்கே இத விட நல்லாத் தாவுவாரு. ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம். அது வரைக்கும் ரெண்டு காலுக்கும் ஓய்வு."

அவள் கிண்டல் செய்கிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று தெரியவில்லை. வலது கால் நன்றாக இருக்கிறது என்று காட்டினால் இடது கால் மாட்டிக்கொள்ளும். காட்டாவிட்டால் இரண்டு காலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

"இன்னொரு தடவை தாவட்டுமா மேடம்?"

"தாராளமா."

கொஞ்சமே கொஞ்சம் கூடுதலாகத் தாவினால் போதும் என்றுதான் நினைத்து நின்றாள். ஆனால் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. ஒன்றுமே செய்யாத அந்தக் காலைப் போய்க் கோளாறு என்றார்களே என்று பொறுக்கவில்லை. கால் தரையை உதைத்த பிறகு அவள் கையில் எதுவும் இல்லை. போய் இறங்கி, சிலை மாதிரி நின்றாள். திரும்பிப் பார்த்தபோது டேப்புகள் இரண்டும் வெகு தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

பிசியோ எழுந்து வந்து அவள் குதிகாலுக்குப் பின்னால் புது டேப்பை ஒட்டினாள். "வலது கால் பாஸ்."

இடது காலைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேச வேண்டியதை மூன்று டேப்புகளும் பேசிக்கொண்டிருந்தன.

"எவ்வளவு நாளா இதுக்கு ப்ராக்டிஸ் பண்ண?"

"ரெண்டு வாரமா."

"அந்த ரெண்டு வாரமும் துண்ட அழுத்தியிருந்தா..." என்று ஆரம்பித்தவள், மீதியைச் சொல்லாமல் போய்க் கை கழுவினாள். கோச்சிடம் அவள் சொன்னது 'இன்னும் ரெடி ஆகல' என்ற ஒரே வார்த்தைதான். கோச் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

இறுதிப் போட்டிக்கு அக்கா வந்திருந்தாள். காலரியின் உச்சியில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு முதல் செட் முழுக்கத் தங்கையைக் குடைந்தாள்.

"அவ சொன்னா நீ முழுசாத் தாவிடுவியா? கொஞ்சமாவது மூளை வேணாம்?"

"என்னால முடியலக்கா."

ஏணியின் இடத்தில் ஆடிய பெண் குள்ளம். நன்றாகத்தான் ஆடினாள், ஆனால் அவள் அடித்த பந்துகள் எதிரணியின் கைகளில் போய்ப் போய் மோதின. கடைசி செட்டில் மயிரிழையில் தோற்றார்கள். தான் உள்ளே இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று ஏணிக்கு உறுதியாகத் தெரிந்தது. அழுகை வந்தது. துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள், திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு இறங்கினார்கள். ஏணி பிசியோ சொல்லிக்கொடுத்தபடி நேராக, நிதானமாக, கால் மாற்றிக் கால் வைத்து இறங்கினாள். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தாள். அக்கா மேலேயே இருந்தாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலைக் கீழே வைத்து, மற்றதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, மூச்சு விட்டு, மறுபடி ஒரு காலை வைத்துக்கொண்டிருந்தாள். மைதானத்தைப் பெருக்க வந்தவர்கள் அவளுக்காக ஒதுங்கி நின்றார்கள். வீட்டில் சிரிப்பது போல இங்கே யாரும் சிரிக்கவில்லை. திரும்ப மேலே ஏறிப் போய்க் கையை நீட்டினாள்.

"எனக்கென்னடி, நான் வந்துடுவேன். நீ போ."

"சேந்தே போலாம்."

அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். சில படிகள் இறங்கினாள். அவள் கண் தங்கையின் முழங்காலிலேயே இருந்தது.

கீழே, காலரிக்கு அடியில் இருந்த அந்த அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா அதன் எதிரே நின்று, கம்பியை விடாமல் கேட்டாள்.

"ஏன்டி, அந்தப் பொண்ணு பழைய காலெல்லாம் பாப்பாளா?"