பாறைவிளையில் காடு வெட்டியது

பாறைவிளையில் விடியற்காலை என்றால் ரத்னபாய்க்குப் பாதி தூக்கம், பாதி கனவு. கொல்லயில் ஊர்ப் பக்கம் எங்கும் தென்னையும் வயலுமாய்க் கிடக்க, அவளுடைய இந்த மேட்டு நிலம் மட்டும் ஆடு மேய்ந்து மேய்ந்து மொட்டையாகிப் போயிருந்தது. கார்பன் விவசாயம் என்று ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். ஆட்டை ஏற்றாமல், இந்த மண்ணின் செடிகளை வளர விட்டால், அவை காற்றிலிருந்து இழுத்து வைக்கும் கரிக்குக் காசு உண்டாம். காசு வரும்போது வரட்டும் என்றிருந்தாள். முதலில் தெச்சி தலைகாட்டியது, பிறகு காயா, நாவல். எந்தப் பறவை போட்ட விதையோ! பனிக்குள் அவற்றுக்கிடையே நடந்தால் யாரும் கூப்பிட முடியாத ஏதோ ஊரில் மிதப்பதுபோல இருக்கும். அப்போது யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

திங்கட்கிழமை செடிகளை அளவெடுக்க நிறுவனத்திலிருந்து லேகா மேடம் வருவதாக இருந்தது. அதற்குள் காட்டாக்கடையிலுள்ள தங்கை வீட்டுக்குப் போன ரத்னபாய் சனிக்கிழமை சாயங்காலம் திரும்பினாள். மேடு வழித்து விட்டதுபோல் கிடந்தது. வெட்டிய இலையின் மணம் மட்டும் இனிப்பாக நின்றது. இதுவும் கனவுதான் என்று கொஞ்ச நேரம் நம்பிப் பார்த்தாள்.

கணவன் பொன்னுதாஸ் முற்றத்தில் ஒரு சருகு கிடந்தால் பொறுக்காத ஆள். களையையும் புதரையும் காடு என்றே சொல்லும் ஊர் அது. விருந்தாளி வருகிறார் என்றால் காடு வெட்டாத வீடு உண்டா? கூலிக்குக் காடு வெட்டும் ராபின்சனை மெஷினோடு கூப்பிட்டு ஒன்று விடாமல் வெட்டித் தள்ளியிருந்தான்.

"ஆளு வரும்ப காடு பிடிச்சு கிடந்தா நாணக்கேடில்லா?"

"அவிய பாக்க வாறதே அந்தக் காட்டையாக்கும்," என்றாள் ரத்னபாய்.

இந்த மனுஷனைக் கட்டி என்ன கண்டோம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

திங்கட்கிழமை லேகா வந்தாள். பக்கத்து வீட்டு ஆடு புகுந்துவிட்டது என்று பொய் சொல்ல ரத்னபாய் வாயெடுக்கும்முன் பொன்னுதாஸ் முன்னால் வந்தான்.

"வளத்துனது இவளாக்கும், மேடம். வெட்டுனது நான். இவமேல குற்றம் எழுதண்டாம்."

லேகா குனிந்து வெட்டுப்பட்ட செடியின் அடிக்குற்றி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "வேரு உண்டு, துளுக்கும். ஆனா கணக்கு முதல்ல இருந்து தொடங்கணும்."

அந்தக் காடு சும்மா கிடந்து வளருது என்றுதான் இத்தனை நாளும் பொன்னுதாஸ் சொல்லி வந்திருந்தான்; இவள் வளர்த்தது என்று அவன் வாயில் வந்தது இதுவே முதல் தடவை. செடிகள் போனதற்கு அழாத ரத்னபாய், அப்போதுதான் அழுதாள்.