பிறையளவு வெறும் இரும்பு

"யோவ் ஜின்பாச்சி! வெளியே வாய்யா. உன் கைக்காப்புல பிறை முளைச்சிருக்கு, வந்து கும்பிட்டுக்கோ!"

குமமோட்டோ கோட்டைக்குக் கீழே உலோகவேலைக்காரர்கள் குடியிருந்த அந்தத் தெருவில், செம்பு வேலை செய்யும் கோன்ரோக்குவின் குரலைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அது இந்த வாசலில் கேட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. தங்கம் பதிக்கும் ஜின்பாச்சி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தான்.

கோன்ரோக்கு ஒரு மரப்பெட்டியைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டினான். உள்ளே, வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவில் நிற்கும் வட்டமான இரும்புக் கைக்காப்பு. ஜின்பாச்சி நாற்பது நாள் குனிந்த தலை நிமிராமல் செய்தது. இரும்பின் மேல் துணி நெசவு போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அந்தக் கீறலில் தங்க இழையை வைத்துத் தட்டித் தட்டி இறக்கியிருந்தான். வட்டத்தின் மேல் வட்டம் ஏறி, ஒவ்வொன்றும் அண்டையிலுள்ள நான்கோடு கைகோத்துப் போகும் கோலம்; ஏழு மாணிக்கம் என்று அதற்குப் பேர். நடுவே, அலகு நுழையும் துளையைச் சுற்றி மட்டும் வெறும் இரும்பு. அதை எப்போதும், பிடிக்கும் கைக்காப்புக்கும் நடுவே வைக்கும் செம்பு இடைத்தகடு மூடிவிடும்.

இப்போது மூடவில்லை. கோன்ரோக்குவின் இடைத்தகடு அதன்மேல் உட்கார்ந்திருக்க, ஒரு பக்கத்தில் தங்கத்துக்கும் செம்புக்கும் நடுவே நகக்கண் அளவு கறுப்பு இரும்பு பிறை போல எட்டிப் பார்த்தது.

"உன் தகடு சின்னது," என்றான் ஜின்பாச்சி.

"என் தகடு புதுப் பிடிக்கு அளவெடுத்தது. பிடியே ஒல்லி. நீ எதை வெச்சுய்யா கோடு இழுத்த?"

ஜின்பாச்சியின் பார்வை பட்டறை மூலையில் கிடந்த ஒரு பழைய தகட்டுக்கு ஓடியது. தங்கம் பதிப்பவன் முதலில் செம்பு வேலைக்காரனிடம் போய்ப் புது இடைத்தகட்டை வாங்கி, அதை இரும்பின் மேல் வைத்துச் சுற்றிக் கோடு கீறிய பிறகுதான் உளியைத் தொட வேண்டும். அந்த ஊரில் அதுதான் முறை. ஜின்பாச்சி போகவில்லை. கோன்ரோக்குவின் வாசற்படி ஏறுவதை விட, பழைய வாளிலிருந்து கழற்றிய தகட்டை வைத்துக் கோடு இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

"பழைய தகடு!" கோன்ரோக்குவுக்குப் புரிந்துவிட்டது. தெருவைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டீங்களாய்யா? என் வீட்டு நிழல் மேல பட்டுடக் கூடாதுன்னு பழைய வாளோட தகட்டை வெச்சுக் கோலம் போட்டிருக்காரு துரை! நாளைக்கு மதியம் இவாஷிதா ஐயா முன்னாடி இதையே சொல்லு."

இவாஷிதா கோட்டையில் வாள் சாமான்களைச் சோதித்து எடுக்கும் அதிகாரி. இந்த வேலையைப் பார்த்துத்தான், கோட்டைக்கு வேலை செய்பவர்களின் பட்டியலில் ஜின்பாச்சியின் பெயரை வைப்பதா அடிப்பதா என்று முடிவு செய்யப்போகிறார். திருத்தவும் வழியில்லை. மேலும் ஒரு வரிசைத் தங்கம் இறக்கினால் இரும்பின் நிறம் போய்விடும். மறுபடி துருவேற்றித் தேயிலை நீரில் கொதிக்கவிட்டு அந்தக் கறுப்பைக் கொண்டுவரப் பத்து நாளாவது ஆகும்.

ஜின்பாச்சியின் மனைவி ஒனுயி கை துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "அண்ணே, கொஞ்சம் அகலமா ஒரு தகடு அடிச்சுத் தர முடியாதா?"

"அகலமா அடிச்சா பிடியை விட்டுத் துருத்திக்கிட்டு நிக்கும்மா. அசிங்கம் என் தலையில விடியும். எதுக்கு? எனக்கு எலிப்பல்லுனு பேரு வெச்ச மகராசனுக்காகவா?"

அது உண்மைதான். இடைத்தகட்டின் விளிம்பில் அரத்தால் நுணுக்கமாகப் பல் வெட்டுவார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு திருவிழா விருந்தில், குடித்த வேகத்தில், "எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்று ஜின்பாச்சி கோன்ரோக்குவின் வேலையைச் சொல்லப்போக, சபையே சிரித்தது. சிரிப்பு அன்றோடு முடிந்தது. பேர் முடியவில்லை. கோன்ரோக்குவின் மகள் கல்யாணப் பேச்சில்கூட மாப்பிள்ளை வீட்டார் "எலிப்பல் வீடுதானே?" என்று கேட்டார்களாம்.

"கெஞ்சாதே, உள்ளே போ," என்று மனைவியை அதட்டினான் ஜின்பாச்சி.

"பாத்தியா திமிரை!" கோன்ரோக்கு பெட்டியைப் படாரென்று மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டான். எல்லாவற்றையும் வாளில் கோத்துக் கொடுப்பது அவன் பொறுப்பு. "நாளைக்கு வா. உன் பிறையை நீயே விளக்கு."

மறுநாள் மதியம் இருவரும் கோட்டையின் சோதனை அறையில் ஒரு பாய் தள்ளி உட்கார்ந்தார்கள். இவாஷிதா வாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஜின்பாச்சி கழுத்தை நீட்டிப் பார்த்தான். பிறை இல்லை. வழக்கமான தகட்டுக்கு அடியில் இன்னொரு அகலமான செம்புத் தகடு இருந்தது. பழங்காலத்து வாள்களில் வைப்பார்களே, அந்த மாதிரி. ஒரே காலைப் பொழுதில் கோன்ரோக்கு அதை அடித்து, தேய்த்து, பல் வெட்டியிருக்கிறான்.

"கோலம் நல்லா வந்திருக்கு," என்றார் இவாஷிதா. பிறகு முகம் சுளித்தார். "இது என்னப்பா, சோத்துப் பானை மூடியா? பிடியை விட்டு வெளியே வந்து நிக்குது. யாரு இதைச் செஞ்சது?"

கோன்ரோக்கு பாயில் நெற்றி படக் குனிந்தான். "நான்தான் ஐயா. கை பிசகிப்போச்சு."

"இத்தனை வருஷ வேலையில அளவெடுக்கத் தெரியல உனக்கு?"

"தெரியல ஐயா."

ஜின்பாச்சிக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்துச் சொல்வது பாவம். பெயர் தப்பியது, வேலை தப்பியது என்று நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம்தான் பக்கத்தில் குனிந்திருந்த முதுகைப் பார்த்தான். பகைவன் அடித்தால் தாங்கிக்கொள்ளலாம். நமக்கு விழ வேண்டிய அடியை அவன் வாங்கிக்கொள்ளும்போது உட்கார்ந்த இடம் சுடுகிறது. புத்தர் மனிதனுக்குள் அந்தச் சூட்டையாவது மிச்சம் வைத்திருக்கிறார்.

"ஐயா," என்றான். "பிசகினது இவர் கை இல்ல. நான் பழைய தகட்டை வெச்சுக் கோடு இழுத்தேன். என் தப்பை மூடத்தான் அந்தத் தகடு."

"வாயை மூடுய்யா," என்று பல்லுக்குள் சீறினான் கோன்ரோக்கு.

"ஏன் இவர்கிட்ட தகடு வாங்கல?" என்றார் இவாஷிதா.

"நாங்க பேசிக்கறதில்ல ஐயா. பதினோரு வருஷமா. நான் பேசின ஒரு பேச்சால."

இவாஷிதா வாளை உறையில் போட்டார். "வாள் இருக்கட்டும். கோன்ரோக்கு பேரு பட்டியல்ல இருக்கும். உன் பேரு அடுத்த வசந்தம் வரைக்கும் இருக்காது. முறை தெரிஞ்சவன் முறையை விட்டா அது பிசகு இல்ல, திமிர்."

வாசலைத் தாண்டியதும் கோன்ரோக்கு வெடித்தான். "மடையா! என் மானத்தை விட்டு மூடி வெச்சேன், நீ திறந்து காட்டுற! உன்னை யாரு கேட்டா?"

"அந்தப் பேரு வெச்சதுக்கு..."

"பேசாதே. உனக்காகச் செய்யல. நல்ல கோலம், நாசமாப் போகுதேன்னு செஞ்சேன். உன் மூஞ்சியைப் பார்த்தா இப்பவும் எரியுது." சொல்லிவிட்டு வேறு தெரு வழியாகப் போய்விட்டான்.

விஷயத்தைக் கேட்ட ஒனுயி அழவில்லை. "வசந்தம் வரைக்கும் புகை பிடிக்கிற குழாய் செய்யுற வேலை எடுப்போம்," என்றாள். பிறகு தாமரைக்கிழங்கின் துளைகளில் கடுகு விழுதை அடைத்துப் பொரித்து, ஒரு கிண்ணத்தில் வைத்துக் கணவன் கையில் கொடுத்தாள். "நீங்களே போங்க."

ஜின்பாச்சி போனான். கதவைத் திறந்த கோன்ரோக்கு கிண்ணத்தைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினான்.

மறுநாள் காலை வாசலில் காலடி கேட்டது. ஒனுயி எட்டிப் பார்ப்பதற்குள் கோன்ரோக்கு பாதித் தெரு போய்விட்டான். திரும்பாமலே கத்தினான்: "கடுகு ஜாஸ்தி! மூக்கு வெந்துபோச்சு!"

படியில் கழுவிய கிண்ணம் இருந்தது. உறவு வேண்டாம் என்பவன்தான் அந்தத் தெருவில் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்புவான். இதற்குள்ளே கந்தகம் தோய்த்த பற்றவைக்கும் குச்சிகள் நாலைந்து, காகிதத்தில் சுற்றிக் கிடந்தன.

ஒனுயி ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்தாள். ஜின்பாச்சி எட்டிப் பார்த்தான். "எரியுதா அந்த ஆளு குச்சி?"

"எரியுது," என்றாள் அவள், உலையை ஏற்றியபடி.