ஒரே சொல், இரண்டு அழுகை

சவ்ரி மலைக்கு அப்பாலிருந்து வந்த தாஜிக் பெண். எங்களுடையது உஸ்பெக் ஊர். அவளும் ஒதாபெக்கும் ரஷ்ய மொழியில் பேசிக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவன் வேலைக்கென்று மாஸ்கோ போய்விட, வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். மாமியார் ஹோசியத் அக்காவுக்கு உஸ்பெக் தவிர ஒரு மொழியும் வராது. சைகையிலேயே குடும்பம் நடந்தது.

நான் அடுத்த வீடு. சமர்கந்தில் டாக்டருக்குப் படிக்க வந்து இங்கேயே வாக்கப்பட்டவள். உஸ்பெக், தாஜிக் இரண்டும் வரும்.

ஒரு காலை அங்கே ஒரே அழுகைச் சத்தம். ஓடினேன். வாசலில் சவ்ரி, துணி மூட்டையோடு. தந்தூர் அடுப்பருகே ஹோசியத் அக்கா, மாவுக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"அவளையே கேளு டாக்டர். கிட்ட வந்து 'போராமன்'னா. போறாளாம்! நான் என்ன குறை வெச்சேன்? எனக்கும் ரோஷம் வந்துச்சு. 'போர், போர்'னு கத்திட்டேன். போறவ போகட்டும்!"

சவ்ரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் எங்கக்கா போறேன்னு சொன்னேன்? 'போர்தோரம்'னேன். முழுகாம இருக்கேன்னு முதமுதல்ல அவங்ககிட்டதான் சொன்னேன். அதுக்கு 'சுமை, சுமை'ன்னு கத்துறாங்க. எம்புள்ள இவங்களுக்குச் சுமையா?"

எனக்குப் புரிந்துவிட்டது. உஸ்பெக்கில் 'போர்' என்றால் போ. தாஜிக்கில் சுமை; சுமை தாங்குபவள், 'போர்தோர்', கர்ப்பிணி. அவள் சொன்ன 'போர்தோரம்' அக்கா காதில் 'போராமன்', அதாவது போகிறேன், என்று விழுந்திருக்கிறது. ஒன்று புல்வெளியிலிருந்து குதிரையேறி வந்த துருக்கியச் சொல், மற்றது பாரசீக வழி வந்தது. பார்த்தால் இரட்டையர் மாதிரி, ரத்த உறவு கிடையாது. என் தாய்மொழியான தமிழில் அதற்கு என்ன பொருள் என்று நான் சொல்லவில்லை. அதுதான் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்ததே!

சிரித்துவிட்டேன். இருவருமே முறைத்தார்கள். பிறகு ஒவ்வொருத்திக்கும் அவளவள் மொழியில் விளக்கினேன்.

ஹோசியத் அக்கா பாய்ந்து வந்து மூட்டையைப் பிடுங்கி உள்ளே எறிந்தார். சவ்ரியின் வயிற்றைக் காட்டி, "போர்மி?" என்றார்.

சவ்ரி பின்வாங்கினாள். "பாருங்க, திரும்பவும் அதையே சொல்றாங்க!"

"அடி பைத்தியமே, இது வேற போர். 'இருக்கா?'ன்னு கேக்குறாங்க. உஸ்பெக்கில அதுக்கும் அதே சொல்தான்."

சவ்ரி மாமியாரையே பார்த்தாள். வயிற்றில் கை வைத்து, மெதுவாக, "போர்" என்றாள். இருக்கு.

ஹோசியத் அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். மருமகளின் கறுப்புத் தலைமுடி முழுக்க மாவு.

அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்தார்.

"டாக்டர், அவ பாஷைல 'சாப்பிடு'ன்னா என்ன?"

சொன்னேன்.

"'கோச்சுக்காதம்மா'ன்னா?"

அதையும் சொன்னேன். தப்புத் தப்பாக முணுமுணுத்துக்கொண்டே முற்றத்தைக் கடந்து போனார்.

வாதுமை பூக்கும் காலத்தில் பெண் பிறந்தாள். நான்தான் பிரசவம் பார்த்தேன். தொட்டிலின் ஒரு பக்கம் ஹோசியத் அக்கா உஸ்பெக்கில் தாலாட்ட, மறுபக்கம் மலையிலிருந்து வந்த சம்பந்தியம்மா தாஜிக்கில் தாலாட்டினார். குழந்தை இரண்டையும் கேட்டபடி தூங்கிப்போனது.