வடக்குப் பார்த்த ஜன்னல்

காலை ஏழே காலுக்குக் கம்பெனி பஸ் வீட்டுக்கு நேராக வந்து நின்றது. பிரேம்நாத் குளியலறையில் பாதி முகம் மழித்திருந்தான். ரேசரை முகத்திலிருந்து எடுத்துவிட்டுக் குழாயை மூடினான். தண்ணீர்ச் சத்தம் இல்லாவிட்டால் எல்லாம் கேட்கும்.

"பிரிசில்லாக்கா, எப்டி கீற?" பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருத்தி கேட்டாள்.

"இன்னாத்த கீறது. ராத்திரி கட்டுன டயப்பரு, கல்லு மாரி கனக்குது. எட்டரைக்கு மாத்தி வுடற ஆளு வந்தாத்தான் எனக்கு விடியும்."

"மருமவ இல்லியா?"

"அது இட்லி ஊத்துது. அதச் சொல்லக் கூடாது. அதுக்கும் ரெண்டு கைதான?"

"புள்ள?"

"புள்ள சேவிங் பண்றாரு."

பஸ் சிரித்தது. டிரைவர் ஹாரன் அடித்தான். ஊருக்குள்ளிருந்து ஓடி வந்த கடைசிப் பெண்ணும் ஏறிக்கொண்டாள் போல. பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. பிரேம்நாத் மறுபாதி முகத்தை மழித்தான்.

மாதனூரில் அவர்கள் வீடு மேட்டில் இருந்தது. முன்னறை ஜன்னலும் பஸ் ஜன்னலும் ஒரே மட்டம். பிரிசில்லா முப்பது வருஷம் அதே பஸ்ஸில் ஆம்பூருக்குப் போய் ஷூவின் மேல்பாகம் தைத்தவள். அந்தச் சம்பளத்தில்தான் மகன் டிப்ளமோ படித்து அதே கம்பெனியில் அதே தையல் லைனுக்கு சூப்பர்வைசர் ஆனான். போன கிறிஸ்துமசுக்கு முன்னால் அவளுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வாய் கொஞ்சம் கோணிக்கொண்டது. குரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னாள். மறுநாள் பஸ் வந்தபோது வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தலையைத் தூக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை.

பிரேம்நாத் பைக்கில் போகிறவன். பஸ்ஸுக்கு அப்புறம்தான் கிளம்புவான். அவன் போய்ச் சேர்வதற்குள் வீட்டு விஷயம் லைனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அன்று தேவகி தைத்த ஒரு பீஸில் தையல் ஓரம் விட்டு ஓடியிருந்தது. அவன் அதை எடுத்து அவள் முகத்துக்கு நேரே காட்டினான். "இதக் கண்ண தொறந்துகினுதான் தச்சியா? பிரிச்சி ரீவொர்க் போடு."

தேவகி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போடறேன் சார். வூட்ல ஒரு ரீவொர்க் பெண்டிங்ல கீதாமே. அத மொதல்ல முடிச்சிட்டு வாங்க."

பக்கத்து மெஷின்காரி குனிந்துகொண்டாள். அதற்கடுத்தவள் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு லைனின் கடைசிவரை போனது. மெஷின் எதுவும் நிற்கவில்லை. அவன் பீஸை டிரேயில் போட்டுவிட்டு நடந்தான். அவள் பொய் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அம்மா விடியற்காலையில் முனகியது அவனுக்குக் கேட்டிருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். பக்கத்தில் மனைவி சௌந்தர்யாவும் விழித்துத்தான் இருந்தாள், மூச்சில் தெரிந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு ஸ்கூல் வேன் வருவதற்குள் சமைத்து, மகளைக் கிளப்பி, தானும் கிளம்ப வேண்டும். அவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பெற்றவள் உடம்பைப் பார்க்க மகனுக்குக் கூச்சம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். கூச்சம் பாதிதான். மீதி நாற்றம்.

ராத்திரி சாப்பிடும்போது சௌந்தர்யா கட்டிலை உள்ளறைக்கு மாற்றிவிடலாம் என்றாள். அவள் வேலை பார்க்கும் ஸ்கூல்வரை அம்மாவின் பஸ் பேச்சு போயிருந்தது. உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. அதைச் செய்ய அவனுக்கு மனம் வரவில்லை. ஜன்னல் கதவைச் சாத்தி வைத்தால் சாத்தியதாகத் தெரியும். சுருட்டி ஏற்றி இறக்கும் திரை, பிளைண்ட்ஸ், போட்டால் வாங்கிக் கொடுத்ததாகத் தெரியும். இதை யோசித்ததும் அவனுக்குப் பசி எடுத்தது. இன்னும் ஒரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஆம்பூர் பைபாஸில் திரைச்சீலையும் மெத்தையும் விற்கும் கடை தௌசீப் அகமதுவுடையது. அவர் அவனை உட்கார வைத்து டீ சொன்னார்.

"ஆபீஸா சார், வீடா?"

"வீடு. முன் ரூம்."

"வெளிய இருக்கறவங்களுக்கு உள்ள தெரியக் கூடாதா? உள்ள இருக்கறவங்களுக்கு வெளிய தெரியக் கூடாதா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவன் நினைக்கவில்லை. டீ வந்துவிட்டது. வாங்கி ஒரு வாய் குடித்தான்.

"ரெண்டும்தான் பாய்."

"அப்ப பிளாக்அவுட் துணி, பொட்டு வெளிச்சம் வராது. வெயில் ஜாஸ்தியோ?"

"ரோட்டுத் தூசி. ஓரத்துல சந்து விழாதா?"

"ரெண்டு சைடும் ஓரம் உள்ள போற மாதிரி சேனல் போட்டுட்டா துணி அசையவே அசையாது சார்."

"சத்தம் கம்மியாவுமா?"

தௌசீப் சிரித்தார். "துணி இன்னா சார் பண்ணும் சத்தத்துக்கு? ஒருத்தர ஒருத்தர் பாத்தாத்தான பேச்சு வரும். பாக்கலன்னா தானா கம்மியாய்டும்." தெருவில் போகிறவர்களைச் சொல்கிறார் என்று தெரிந்தும் பிரேம்நாத்துக்குக் காது சூடாகியது. வீட்டில் காட்டிக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சாம்பிள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தான்.

புத்தகம் கனமாக இருந்தது. அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனவன் திரும்பி வந்தபோது அது அம்மா மடியில் இருந்தது. மகள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"இது எதுக்குடா பிரேமு?"

"உனக்குத்தாம்மா. ஜன்னலுக்கு. தூசி வருதில்ல."

"எனக்கா?"

அவள் குரல் அப்படி மாறும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளுக்கென்று வாங்கியவை டயப்பர், மாத்திரை, படுக்கைப் புண்ணுக்குப் பவுடர். அவள் வலது கையால் ஒவ்வொரு துணியாகப் புரட்டினாள். பேத்தியைக் கூப்பிட்டுக் கலர் பேர் கேட்டாள். எம்.டி. ரூமில் இந்த மாதிரிதான் இருக்கும், சம்பளம் ஏற்றச் சொல்லி எல்லாரும் போய் நின்ற அன்றைக்கு ஒரு தடவை பார்த்திருக்கிறேன் என்றாள். சோறு ஆறும்வரை புரட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பாக்குக் கலரில் மெல்லிய துணி ஒன்றை விரலில் பிடித்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கினாள். ரோட்டில் ஒரு லாரி லைட் போட்டுக்கொண்டு போனது.

"இதுல பாரு, ஆளும் தெரியுது, வண்டியும் தெரியுது. தூசி வராது. இத போட்ரு."

"சரிம்மா."

மறுநாள் கம்பெனியில் பைக் நிறுத்துமிடத்திலிருந்து தௌசீப்புக்குப் போன் செய்தான். பாக்குக் கலர் என்றான். அதே கலரில் பிளாக்அவுட் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றார். அளவு சொன்னான். போனை வைத்துவிட்டு லைனுக்குப் போனான்.

அதற்கப்புறம் பிரிசில்லா பஸ்ஸிடம் டயப்பரைப் பற்றிப் பேசவில்லை. புள்ள ஸ்கிரீன் போடுகிறான், கலர் நான் பார்த்தது, காசு எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்கிறான் என்றாள். குளியலறையில் அவன் குழாயை மூடாமலேயே கேட்டது. போட்டபிறகு நான் உங்களைப் பார்ப்பேன், நீங்கள்தான் என்னைப் பார்க்க முடியாது, அதனால் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள் என்றாள். எதற்காகத் திரை போட நினைத்தானோ அந்தப் பேச்சே நின்றுவிட்டது. வேண்டாம் என்று கடைக்குச் சொல்லிவிடலாம், அல்லது மெல்லிய துணியையே போடச் சொல்லலாம். இந்நேரம் அளவுக்கு வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். கேட்கவில்லை.

லைனில் இப்போது அவனைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். முன்பு சிரித்த சிரிப்பு அல்ல. தாயாரம்மாள் என்று ஒருத்தி, பிரிசில்லாவோடு சேர்ந்து வேலைக்கு வந்தவள், அவன் கையைத் தொட்டு, "நல்லாருப்பப்பா" என்றாள். தேவகி மட்டும் பாபின் மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஸ்கிரீனு எதுக்கு சார், வெயிலுக்கா?"

"ஆமா."

"வடக்க பாத்த ஜன்னல்ல எந்த வெயிலு சார்?"

அவன் அடுத்த மெஷினுக்கு நகர்ந்தான். அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு அடுத்த பீஸை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சௌந்தர்யாவும் மகளும் சண்டே கிளாசுக்கு நின்றுகொண்டார்கள். திரை மாட்டுகிற ஆள் வருவதாகச் சொல்லியிருந்ததால் அவன் மட்டும் வந்தான். ஹம்மாத் என்று நடுவயசு ஆள், டிரில்லும் நீளப் பெட்டியுமாக வந்திருந்தார். சுவரில் ஓட்டை போடும்போது தூசி விழும், போர்வையால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்றார்.

"தோல் தூசியே தின்னு தீத்தவ நான். நீ போடுப்பா."

பெட்டியைப் பிரித்து உருளையை எடுத்து, வைக்க இடமில்லாமல் கட்டில்மேல் அவள் பக்கத்தில் வைத்தார். பிரிசில்லா தொங்கிய துணியைப் பிடித்தாள். விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தாள். பிறகு ஜன்னலுக்கு நேராகத் தூக்கினாள். ரோடு தெரியவில்லை. வெளிச்சமும் தெரியவில்லை. துணிக்குப் பின்னால் இருந்த அவள் கையே தெரியவில்லை. கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று சொல்ல பிரேம்நாத் வாயைத் தயாராக வைத்திருந்தான். அவள் கேட்கவேயில்லை. கையை இறக்கினாள்.

"கலரு அதேதான்" என்றாள். ஹம்மாத்தைப் பார்த்து, "நல்ல கனம்பா. ரொம்ப நாளைக்கு வரும்" என்றாள்.

"லைஃப் ஃபுல்லா வரும்மா."

"என் லைஃபுக்கா, துணி லைஃபுக்கா?"

ஹம்மாத் சிரித்தார். பிரேம்நாத் ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பிடித்துக்கொள்ளப் போனான். ஹம்மாத் வேண்டாம் என்று உருளையைக் கையில் தூக்கினார். உருளையோடு வெள்ளை மணி கோத்த மாதிரி ஒரு செயின் வளையமாகத் தொங்கியது. பிரிசில்லா அது என்ன என்று கேட்டாள்.

"இதான்மா செயின். இப்டி இழுத்தா எறங்கும். அப்டி இழுத்தா ஏறிடும். கொழந்த கூட இழுக்கலாம்."

அவள் வலது கையின் இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தாள். ஹம்மாத் கையில் உருளை ஒரு சுற்றுச் சுற்றியது. துணி மேலே ஏறியது.

"லேசாத்தான் கீது" என்றாள்.

கட்டில் ஜன்னலின் நீளத்துக்கு ஒட்டிக் கிடந்தது. தலைமாட்டில் இருந்த கம்பியைத்தான் அவள் தினமும் பிடித்து எழும்புவாள். அங்கே அவள் கை போகும். கால்மாட்டுப் பக்கம் போகாது. அங்கே செயின் இருந்தால் உள்ளேயிருந்து யாராவது வந்து இழுத்தால்தான் உண்டு. ஏழே காலுக்குச் சௌந்தர்யா அடுப்படியில் இருப்பாள். அவன் குளியலறையில் இருப்பான்.

ஹம்மாத் உருளையைக் கட்டிலில் வைத்துவிட்டு ஸ்டூலில் ஏறி மேலே பென்சிலால் இரண்டு பக்கமும் குறி போட்டார். "சார், செயின் ஒரு பக்கந்தான் வரும். தலமாட்டுல வுடட்டுமா, கால்மாட்டுலயா?"

பிரிசில்லா செயினை விட்டுவிட்டுக் கையை மார்பின்மேல் வைத்துக்கொண்டாள்.

"அவனக் கேளுப்பா" என்றாள். அவனைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, ரோட்டில் ஒன்றும் இல்லை.

ஹம்மாத் டிரில்லின் முனையைச் சுவரில் வைத்தபடி திரும்பினார்.

"சொல்லுங்க சார். சேனல் அடிச்சிட்டா அப்புறம் மாத்த முடியாது. எந்தப் பக்கம்?"